யார் வைத்த குழம்பு

குருவுக்கு வயது குறைவு, சீடருக்குத்தான் அதிகம். படிக்க வந்தவர் கிரசென்சியா. அவருடைய மூத்த மகனைவிட இளையவர், சொல்லிக்கொடுத்த சிஸ்டர் பிலோமி. தென் அமெரிக்காவில் ஊழியம் செய்து, ஸ்பானிஷ் பழகிக்கொண்டு தூத்துக்குடிக்குத் திரும்பியிருந்தார்.

கிரசென்சியாவின் கடைசி மகள் ஸ்பெயினில் நர்ஸ். அந்த ஊர்ப் பையனையே கட்டிக்கொள்ளப் போகிறாள். மாப்பிள்ளை வீட்டார் சனிக்கிழமை வருகிறார்கள். மகளின் கையைப் பிடித்துக் கொடுக்கும்போது, சம்பந்தியம்மாளின் முகத்தைப் பார்த்து ஒரு வாக்கியமாவது அவர் பாஷையில் தானே சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்தப் படிப்பு.

அன்று, "மி இஹா எஸ்தா கிரியாதா" என்றார் கிரசென்சியா. என் மகள் வளர்ந்திருக்கிறாள் என்று அர்த்தம்.

"நல்லது. வளர்த்தது யாரு?"

கிரசென்சியா சிரித்து மழுப்பினார்.

சிஸ்டர் பொறுமையாகச் சொல்லித் தந்தார். வளர்ந்ததற்கும் வளர்த்ததற்கும் சொல் ஒன்றுதான். பிள்ளையைப் பற்றிச் சொன்னால் பிள்ளைக்குத் தக்கபடி மாறும். மகளுக்குக் கிரியாதா, மகனுக்குக் கிரியாதோ. முன்னால் 'எ' என்று வைத்தால் அது 'நான் வளர்த்தேன்' என்று வளர்த்தவளின் செயல் ஆகிவிடும். யாரை வளர்த்திருந்தாலும் கிரியாதோ என்றே அசையாமல் நிற்கும்.

கிரசென்சியாவுக்குப் புரிந்தது. வாயில்தான் வரவில்லை. எங்கே தொடங்கினாலும் மகள் வளர்ந்திருக்கிறாள் என்றே போய் முடித்தார். வீட்டிலும் அவர் பேச்சு அப்படித்தான். சோறு ஆயிற்று, துணி காய்ந்தது, வாசல் பெருக்கியாயிற்று. செய்தவள் மட்டும் எந்தப் பேச்சிலும் இருக்கமாட்டாள்.

கோயிலில் மதிய மணி அடித்தது. இருவரும் செபம் சொன்னார்கள். கிரசென்சியா தூக்குச்சட்டியைத் திறந்தார். சீலா மீன் குழம்பு. சிஸ்டருக்கு உயிர்.

"குழம்பு ஆயிருக்கு. சாப்பிடுங்க, சிஸ்டர்."

சிஸ்டர் மூடியை எடுத்துச் சட்டியை மூடிவிட்டார்.

"ஆள் இல்லாம தானா ஆன குழம்பு. எனக்குப் பயமா இருக்கு. வேண்டாம்."

"கேலி பண்ணாதீங்க, சிஸ்டர். நான் செஞ்சேன், நான் வளர்த்தேன்னு எப்படிச் சொல்ல? பெருமை பேசின மாதிரி ஆயிராதா? எல்லாம் ஆண்டவர் கொடுத்தது."

"மீனு அவர் கொடுத்தது. புளி கரைச்சது யாரு?"

 கிரசென்சியா தன் கைகளைப் பார்த்தார். மீன் முள் கீறிய தழும்புகள். தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாதபோது அந்தக் கடைசிப் பிள்ளைக்குப் பால்பல்கூட முளைத்திருக்கவில்லை. மடியில் கிடந்தபடிதான் காய்ச்சலெல்லாம் தாண்டியது. இந்தக் கைகளைப் பிடித்துத்தான் நடக்கப் பழகியது.

குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. சிஸ்டர் அவசரப்படவில்லை.

கிரசென்சியா சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எ கிரியாதோ அ மி இஹா."

என் மகளை நான் வளர்த்திருக்கிறேன். முதல் சொல்லில் மட்டும் குரல் நடுங்கியது. யாரும் கேட்காமலே இன்னொரு தரம் சொன்னார். இந்தத் தரம் நடுங்கவில்லை.

சிஸ்டர் தட்டை நீட்டினார்.

"இப்ப ஊத்துங்கம்மா, நீங்க வச்ச குழம்பை."