கரையாத நூல்

“என் தையல்ல என்ன குறை? அதை மட்டும் சொல்லுங்க” என்றாள் அற்புதமணி.

சலீமா கையுறையை மாட்டிக்கொண்டாள்.

சலீமாவுக்கு முப்பத்தாறு வயது. அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்யும் டாக்டர் அவள் ஒருத்திதான். அற்புதமணிக்கு ஐம்பத்தொன்று. இருபது வருஷம் ஊர் ஊராக ஓடிக் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் வைத்தியம் பார்த்த டாக்டர். கத்தி பிடிக்கக் கற்றுக்கொள்ள, தன்னைவிடச் சின்னவளிடம் வந்து நின்றாள். வந்த நாளிலிருந்து வயிற்றெரிச்சல்தான்.

மேசையில் படுத்திருந்தவள் செங்கமலம். மாவு மில்லில் மூட்டை தூக்குகிறவள். ஏழு மாதத்துக்கு முன்னால் குடல்வால் வெடித்து, வயிறெல்லாம் சீழோடு வந்தாள். உள்ளே சுத்தம் செய்தது சலீமா. வயிற்றை மூடித் தைத்தது அற்புதமணி.

அன்றிலிருந்து தழும்பில் கசிவு நிற்கவில்லை. நாற்றம் தாங்கவில்லை என்று மில்காரர் அவளை நிறுத்திவிட்டார்.

“வயித்துக்குள்ள எதையோ வெச்சுத் தெச்சுட்டேனாம். கண்ட இடத்துல சொல்லிட்டுத் திரியுறா!” என்றாள் அற்புதமணி.

“வெக்கலைன்னா ஏன் டாக்டரம்மா ஒழுகுது?” என்றாள் செங்கமலம்.

“நீ சொறிஞ்சிருப்பே.”

“ஆமா, எனக்கு வேற வேலையில்ல பாருங்க. இருந்த வேலையும் போச்சு.”

“அக்கா, தலைமாட்டுல வந்து நில்லுங்க. தோளைப் பிடிச்சுக்குங்க” என்றாள் சலீமா.

மரத்துப்போக ஊசி போட்டாள். நடுவே பச்சைத் துணியைத் தூக்கிக் கட்டினாள். அதற்கு அப்பால் அவள் கை என்ன செய்கிறது என்று அற்புதமணிக்குத் தெரியவில்லை.

“வெளியே நீட்டிட்டு இருக்கிற நூல் நுனியை மட்டும் வெட்டுங்க. முடிச்சைத் தொட்டீங்க, வயிறு பிரிஞ்சுடும். சொல்லிட்டேன்” என்றாள் அற்புதமணி.

“அன்னைக்குக் கரையுற நூலைத்தானே எடுத்து வெச்சேன்?”

“அதை நம்பி மூட்டை தூக்குறவ வயித்தை விடச் சொல்றீங்களா? கொஞ்ச நாள்ல கரைஞ்சு காணாமப் போற நூலு! நான் பட்டு நூல் போட்டேன். அறாது, அவிழாது. இவ நல்லாயிருக்கணும்னுதானே செஞ்சேன்? அது குத்தமா?”

“பட்டு பின்னின நூல், அக்கா. அந்தப் பின்னலுக்குள்ள கிருமி போய் உக்காந்துட்டா மருந்து எட்டாது. அது உள்ள இருக்கிறவரைக்கும் சதை அதை வெளியே தள்ளத்தான் பாக்கும்.”

“தள்ளட்டும். வயிறு பிரியலையே?”

“ஒரு பக்கம் ஒழுகுது, ஒரு பக்கம் பெருமை” என்றாள் செங்கமலம்.

“நீ பேசாதே! கட்டினது நான். இல்லேன்னா இன்னைக்கு இங்க படுத்துக்கிட்டு வாயடிப்பியா?”

“இருமுங்கம்மா” என்றாள் சலீமா.

செங்கமலம் இருமினாள்.

“பலமா.”

மேசை அதிர இருமினாள்.

“அக்கா, இந்தப் பக்கம் வாங்க. கை வெச்சுப் பாருங்க.”

அற்புதமணி கையுறை மாட்டிக்கொண்டு வந்து வயிற்றில் கை வைத்தாள். செங்கமலம் மறுபடி இருமினாள். எங்கும் பிதுங்கவில்லை. பலகை போல உறுதியாக இருந்தது.

ஏழு மாதமாகக் குனிந்திருந்த அற்புதமணியின் தலை நிமிர்ந்தது.

“பாத்தீங்களா! என் முடிச்சு எப்படிப் பிடிச்சு நிக்குது! இனிமே எவளாவது பேசட்டும், நான் கேக்கிறேன்.”

“எத்தனை முடிச்சு போட்டீங்க, அக்கா?”

“அஞ்சு.”

சலீமா பக்கத்திலிருந்த கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

அதில் வெட்டியெடுத்த ஐந்து முடிச்சு, கறுப்பாக. அன்று அவள் இழுத்துக் கட்டிய இறுக்கம் துளியும் குறையாமல்.

அற்புதமணியின் கை வயிற்றின் மேலேயே நின்றுவிட்டது.

“இன்னொரு தரம் இருமட்டுமா?” என்றாள் செங்கமலம்.