ஒசாகாவில் நிற்காத பந்து

ஆண்கள் கழிப்பறையிலிருந்து எடுத்து வந்த சிவப்பு வாளி ஒன்று திருநெல்வேலி அரங்கத்தின் நடுவே கவிழ்ந்து கிடந்தது. அதற்குள்ளே ஒரு டென்னிஸ் பந்து. மாநில ரோபோ போட்டிக்கு நாசரேத் பள்ளி போகுமா, மதுரைப் பள்ளி போகுமா என்பதை அந்தப் பந்துதான் சொல்ல வேண்டும். அதன் சார்பில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய தலைமை நடுவர் சாப்பிடப் போயிருந்தார். அவர் திரும்பும்வரை மின்விசிறிக் காற்று பந்தை நகர்த்திவிடக் கூடாது என்பதற்காக வாளி.

நாசரேத்தின் ரோபோவை நான்கு மாதம் உட்கார்ந்து செய்தவள் ஷெர்லின். அது ஒன்பது பந்துகளைக் கட்டத்துக்குள் தள்ளியிருந்தது. பந்துக்கு ஐந்து வீதம் நாற்பத்தைந்து புள்ளி. மதுரைக்கும் நாற்பத்தைந்து. ஷெர்லினின் பத்தாவது பந்து விளிம்பில் போய் நின்றுகொண்டது. தரையைத் தொடும் இடம் கட்டத்துக்குள். வயிறு மட்டும் மஞ்சள் கோட்டுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது. ‘பந்து முழுமையாகக் கோட்டுக்குள் இருக்க வேண்டும்’ என்கிறது பதினான்காம் விதி. அதை எழுதிய புண்ணியவான் பந்துக்கு வயிறு உண்டு என்பதை யோசிக்கவில்லை.

ஆட்சேப மேசையில் ஆசிரியர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. அணிக்கு ஒரு மாணவர் பேசலாம், ஒருவர் கூட நிற்கலாம். மதுரைக்காகப் பேச நாகஜோதி என்ற கண்ணாடிக்காரி தனியாக வந்திருந்தாள். கையில் விதிப்புத்தகம், ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. நாசரேத்துக்காகப் பேச கிங்ஸ்லி. ரோபோவில் ஒரு திருகைக்கூட முடுக்காதவன். வாய்க்காகவே அணியில் சேர்க்கப்பட்டவன். அவனுக்குக் காவலாக ஷெர்லின் நின்றாள்.

சும்மா நிற்க கிங்ஸ்லிக்கு வராது. போன வருஷம் சேலத்திலும் இதே கேஸ்தான் என்று ஆரம்பித்தான். அங்கேயும் வயிறு வெளியே, பாதம் உள்ளே. நடுவர் புள்ளி கிடையாது என்றாராம். இவன் அமைதியாகக் கேட்டானாம்: “சார், நீங்க கோட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கீங்க. உங்க வயிறு அந்தப் பக்கம் நிக்கி. நீங்க இப்ப எந்தப் பக்கம்?” நடுவர் குனிந்து பார்த்திருக்கிறார். கால் தெரியவில்லை. ஐந்து புள்ளியைக் கொடுத்துவிட்டு மறுநாளே நடைப்பயிற்சியில் இறங்கி ஆறு மாதத்தில் பதினெட்டு கிலோ குறைத்துவிட்டார்.

“சேலத்துல போன வருஷம் போட்டியே நடக்கல. மழைன்னு தள்ளிவச்சாங்க” என்றாள் நாகஜோதி.

“தள்ளிவச்சது உங்களுக்கு. எங்களுக்கு நடந்துச்சு.”

அவள் எதையோ குறித்துக்கொண்டாள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்ட கிங்ஸ்லி ஹைதராபாத்துக்குத் தாவினான். ஆடுகளத்தில் அசைவதெல்லாம் நின்ற பிறகுதான் புள்ளி எண்ண வேண்டும் என்று விதி இருக்கிறதல்லவா? ஹைதராபாத்தில் இவன் பந்து கோட்டின் மேல் இப்படியும் அப்படியுமாக மூன்று நாள் ஆடியது. அரங்கத்தை ஒரு கல்யாணத்துக்கு ஏற்கெனவே வாடகைக்கு விட்டிருந்தார்கள். முகூர்த்தத்தைத் தள்ள முடியுமா? மணமக்கள் பந்தைச் சுற்றித்தான் வலம் வந்தார்கள். காற்றுப் பட்டுப் பந்து நகர்ந்துவிடும் என்பதால் நாதஸ்வரக்காரர் ஊதாமல் விரலை மட்டும் அசைத்தார். கேட்டவர்கள் அப்படியொரு கல்யாணியைக் கேட்டதே இல்லை என்றார்கள்.

“ஊதாம எப்படிக் கேட்டாங்க?”

“அதான் வித்தை.”

“அப்புறம்?” என்றாள் நாகஜோதி. பென்சில் மறுபடி அசைந்தது. குறிப்பெடுக்கும் ஆள் முன்னால் கிங்ஸ்லி இதுவரை புளுகியதில்லை. “போதும்ல” என்று ஷெர்லின் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் அதற்குள் ஜப்பான் போய்விட்டான்.

ஒசாகாவில் பந்து நின்றுவிட்டது. ரோபோ நின்றுவிட்டது. கூட்டம் மூச்சை நிறுத்திவிட்டது. ஜப்பான் நடுவர் புள்ளி எழுதப் பேனாவைத் திறந்தார். இவன் கையைத் தூக்கினான். பந்து பூமி மேல் இருக்கிறது, பூமி சுற்றுகிறது, அப்படியென்றால் அசைவது எங்கே நின்றது? நடுவர் பேனாவை மூடிவிட்டார். இருநூறு விஞ்ஞானிகள் கூடினார்கள். புள்ளி எண்ணும் நேரத்துக்கு மட்டும் பூமியை ஒரு நிமிஷம் நிறுத்திக்கொள்ளலாமா என்று இவனிடமே கேட்டார்கள்.

“நான்தான் வேண்டாம்னுட்டேன். ஊர்ல அம்மா அடுப்புல பால் வச்சிருந்தா. ஆக, அந்த ஆட்டம் இன்னைக்கு வரைக்கும் முடியல. சட்டப்படி பாத்தா நான் இப்பவும் ஒசாகாவுலதான் ஆடிக்கிட்டிருக்கேன்.”

நாகஜோதியின் பென்சில் நின்றது. விதிப்புத்தகத்தைப் பின்பக்கமாகப் புரட்டி ஓரிடத்தில் விரல் வைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துத் தலைமை நடுவர் சபாபதி கைக்குட்டையில் கையைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தார்.

“சார், பந்துக்கு முன்னாடி ஒரு ஆட்சேபம்” என்றாள் அவள். “ஆறாம் விதி. முடியாத ஒரு போட்டியில ஆடிக்கிட்டிருக்கவங்க இன்னொரு போட்டியில ஆடக் கூடாது.” பிறகு ஒசாகாவைக் குறிப்பிலிருந்து வரி பிசகாமல் வாசித்தாள். பால் உட்பட.

சபாபதி கிங்ஸ்லியைப் பார்த்தார். புளுகினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. கிங்ஸ்லி செல்போனை எடுத்துப் பார்த்தான். “இப்பதான் மெசேஜ் வந்துச்சு சார். பந்து நின்னுட்டுன்னே எழுதிட்டாங்க. ஆட்டம் முடிஞ்சுட்டு.”

“முடிவு?”

“ஜெயி...” என்று அவன் ஆரம்பிக்கும்போதே ஷெர்லின் அவன் காலை மிதித்தாள். பெரிய போட்டியில் ஜெயித்தவர் சின்னப் போட்டியில் ஆடக் கூடாது என்பது ஏழாம் விதி.

“தோத்துட்டோம் சார்.”

அவன் சொன்ன கதைகளிலேயே அவன் தோற்றது அதுதான் முதல் தடவை. சபாபதி முகம் மாறாமல் அதை எழுதிக்கொண்டார். எழுந்து போய் வாளியைத் தூக்கினார். சட்டைப்பையிலிருந்து சாப்பாட்டு அட்டையை எடுத்து, மஞ்சள் கோட்டின் உள்விளிம்பில் செங்குத்தாக நிறுத்தி மெல்ல நகர்த்தினார். அட்டை பட்டுப் பந்து அசைந்தது.

“வயிறு வெளிய இருக்கு. புள்ளி கிடையாது. சமம்.” ஒன்பதாம் விதியைப் படித்தார்: சமமானால், இரு அணிகளும் அந்த ஆண்டு ஏற்கெனவே மோதியிருந்தால் அப்போது ஜெயித்த அணி மேலே போகும்; இல்லையென்றால் மறு ஆட்டம்.

“மோதியிருக்கோம் சார்” என்றாள் நாகஜோதி. “ஒசாகாவுல. இவங்களைத் தோக்கடிச்சது நாங்கதான்.”

கிங்ஸ்லி முகத்தில் கோபம்கூட இல்லை. பெரிய வித்வானைப் பார்க்கும் கச்சேரி ரசிகனைப் போல நின்றான். ஷெர்லின்தான் முன்னால் வந்தாள். கூட நிற்பவர் பேசக் கூடாது என்ற விதியை அவள் அந்த நிமிஷம் மறந்துபோனாள்.

“சார், இவன் திருநெல்வேலிக்கே இதோட ரெண்டாவது தடவைதான் வந்திருக்கான். முதல் தடவை பல்லு பிடுங்க வந்தான்.”

சபாபதி விதிகளைப் புரட்டினார். புளுகுக்குப் புள்ளி கழிக்க விதிப்புத்தகத்தில் வழியில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து, ஜப்பான் போகவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். இருவரும் எழுதினால் மறு ஆட்டம்.

கிங்ஸ்லி பேனாவை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தான். ஷெர்லின் அவன் காலுக்குப் பக்கத்தில் தன் காலைக் கொண்டுபோய் வைத்தாள். ‘நான் ஜப்பான் போனதில்லை’ என்று எழுதினான். கையெழுத்துப் போட்டான். பிறகு மனசு கேட்காமல், முன்னால் ‘இதுவரை’ என்று சேர்த்தான்.

நாகஜோதி அதை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் தாளை எழுதினாள். ‘நாங்களும் போனதில்லை. இவர்களைத் தோற்கடிக்க அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.’

மூன்று மணிக்கு மறு ஆட்டம் நடந்தது. ஷெர்லினின் ரோபோ பத்துப் பந்துகளையும் வயிறோடு உள்ளே தள்ளி, ஐந்து புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. அந்த ஆட்டத்தைப் பற்றி மட்டும் கிங்ஸ்லி இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. நடந்த விஷயத்தை வைத்துக்கொண்டு அவனுக்குக் கதை சொல்ல வராது.