வயர் பிடித்த மாப்பிள்ளை

சோளக்குட்டைக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். அதுதான் அவர்களிடம் உள்ள ஒரே தொல்லை.

அந்த ஊர்ச் செங்கோடனுக்கு அன்றைக்குக் கல்யாணம். மண்டபம் மூன்று கிலோமீட்டர் தள்ளி. பத்தரைக்குள் தாலி ஏறாவிட்டால் பெண்ணைத் திருப்பிக் கூட்டிப் போய்விடுவேன் என்று மாமனார் கறாராகச் சொல்லியிருந்தார். ஒன்பது மணிக்குப் பட்டுவேட்டியோடு மோட்டார் சைக்கிளில் ஏறிச் சாவியைத் திருப்பினான் மாப்பிள்ளை. லைட்டும் இல்லை, ஹாரனும் இல்லை, வண்டியும் கிளம்பவில்லை. மணப்பெண் பூங்கொடி கைநழுவிப் போய்விடுவாளோ என்று பயந்துபோய், மெக்கானிக் இஸ்மாயிலுக்குப் போன் போட்டான்.

"எங்கியோ வயர் லூசுப்பா. ஒவ்வொரு வயரா ஆட்டிப் பாரு. எதைப் பிடிச்சா லைட் எரியுதோ அதை விட்டுடாதே. கல்யாணத்துக்குத்தான் கிளம்பிட்டிருக்கேன், வந்து முறுக்கித் தர்றேன்."

தோழன் மாரப்பன் உடனே வீட்டு ஃபேன் வயரிலிருந்து ஆரம்பித்தான். அடுத்து டிவி வயர். பந்தலில் மைக்செட் வயரை ஆட்டியதில் பாட்டு நின்றுபோனது. எல்லாம் முடிந்து கடைசியில்தான் செங்கோடன் பேட்டரி வயரைத் தொட்டான். பளிச்சென்று லைட் எரிந்தது.

"பிடி மாப்ள, விட்றாதே!" என்று கத்தினான் மாரப்பன்.

"ஏன்டா, அப்படியே ஓட்டிட்டுப் போயிரலாமா?"

"இஸ்மாயில் அண்ணன் பிடிக்கச் சொன்னாரா, ஓட்டச் சொன்னாரா?"

செங்கோடன் நன்றாக யோசித்தான். "பிடிக்கத்தான் சொன்னார்."

"அப்புறமென்ன கேள்வி?"

ஆறு பேர் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். முன்னால் மேளம். பக்கத்தில் கையை உயர்த்தி வயரைப் பிடித்தபடி மாப்பிள்ளை. பட்டப்பகலில் லைட் ஜெகஜோதியாக எரிந்தது.

மேடைக்கு வண்டி ஏறும்போது மணி பத்து இருபத்தைந்து.

"ரெண்டு கையாலயும் தாலியை வாங்குங்கோ," என்றார் ஐயர்.

"விட்டா லைட் போயிரும் சாமி." செங்கோடனுக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமனார் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். அதற்குள் பூங்கொடி கையை நீட்டினாள்.

"நீங்க கட்டுங்க. வயரை நான் பிடிச்சுக்கறேன்."

அடடா, ஜாதகப் பொருத்தம் என்றால் இதுவல்லவா பொருத்தம்! மூன்று முடிச்சும் விழுந்தது.

அப்போதுதான் இஸ்மாயில் மூச்சிரைக்க வந்தார். மேடையில் நின்ற வண்டியைப் பார்த்தார், மணமக்களைப் பார்த்தார், ஸ்பேனரை எடுத்து பேட்டரி போல்ட்டை முறுக்கினார்.

"கையை எடும்மா."

பூங்கொடி எடுத்தாள். லைட் அணையவில்லை. மண்டபமே திகைத்துப்போய் நின்றது. கல்யாணப் பெண்ணுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னங்கண்ணா பண்ணி வெச்சீங்க? யாருமே பிடிக்கல, அதுபாட்டுக்கு எரியுது! முதல்ல எப்படி இருந்துச்சோ அப்படியே ஆக்கிக் குடுங்க!"