கோயம்புத்தூரில் நான் இழைத்த பலகை

எனக்குத் துரோகம் செய்தவன் என் சகலை உலகநாதன். எங்கள் செங்கோட்டை மரக்கடையில் லாரி வந்து தடி இறங்கினால், முதல் தட்டு தட்டுகிறவன்தான் ஊரில் பெரிய தச்சன். அவன் கொட்டாப்புளிச் சுத்தியலால் தடியைத் தட்டி, சத்தத்தில் தரம் பார்த்து, வேண்டியதை எடுத்த பிறகுதான் மற்ற தச்சர்கள் கிட்டே போவார்கள். இருபத்திரண்டு வருசம் அந்தத் தட்டு என்னுடையது. போன சித்திரையில் உலகநாதன் எனக்கு முன்னால் போய்த் தட்டினான். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை.

அதைத் திரும்ப வாங்கத்தான் கோயம்புத்தூர் மரவேலைக் கண்காட்சிக்குப் போனேன். அதற்கு முன் அப்படி ஒன்றை நான் பார்த்தது கிடையாது. திரும்பி வந்த மறுநாள், மரக்கடையில் எல்லோரும் லாரிக்குக் காத்திருந்தபோது, நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

வாசலில் என் பையைச் சோதித்த காவலாளி, இழைப்புளியை உள்ளே விட முடியாது என்றார். வெளியே எடுத்துக் காட்டினேன். அதன் நிழல் பட்டு அவர் மீசையில் ஒரு பக்கம் காணாமல் போனது. உடனே வழிவிட்டார்.

உள்ளே போய்க் கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தேன். எது தேக்கு, எது வேங்கை, எது சாயம் பூசிய ரப்பர் மரம் என்று வரிசையாகச் சொன்னேன். ரப்பர் மரத்தைத் தேக்கு என்று விற்றுக்கொண்டிருந்த ஆள் என் மூக்கைப் பொத்த ஓடி வந்தார்.

“உம்மை உள்ள விட்டதே பெருசு, அண்ணாச்சி” என்றாள் ஆவுடைத்தாய். மரக்கடையில் இழைப்புச் சுருளை அள்ளி, அடுப்புக்கு மூட்டை கட்டி விற்கிறவள்.

நான் அவளைக் கண்டுகொள்ளவில்லை. வீடு பெரிசுக்கு ஒரு இழைப்பு மெஷின் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு மெல்லிசாக மனுசக் கையால் இழைக்க முடியுமா என்று டை கட்டிய ஒருவர் கூட்டத்தைக் கேட்டார். சாண் நீளத்தில் ஒரு தேக்குத் துண்டு வாங்கி ஒரு தள்ளு தள்ளினேன். வந்த சுருளை அவருடைய கைக்கடிகாரத்தின் மேல் போர்த்தினேன். மணி தெரிந்தது. இரண்டாவது தள்ளில் வந்ததைப் போர்த்தினேன். மறுநாள் மணி தெரிந்தது.

லோடு இறக்குகிற கொம்பையா, அது மறுநாள் மணி என்று எப்படித் தெரியும் என்று கேட்டான்.

“தேதி காட்டுத கடிகாரம்லே அது” என்றேன்.

மூன்றாவது தள்ளில் பலகை தீர்ந்துபோனது. சுருள் மட்டும் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. வாசலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனது. பஸ்களெல்லாம் நின்றுவிட்டன. ஊதினால் பறக்கிற சுருள்தான், கிழித்துக்கொண்டு போக ஒரு டிரைவருக்கும் மனசு வரவில்லை. அந்த மெஷின் தானாக நின்றது. திரும்பக் கரண்டு கொடுத்துப் பார்த்தார்கள். பெருமூச்சுதான் விட்டது.

உலகநாதன் மட்டும் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தான். நான் சொன்னது அத்தனையும் அவனுக்காகத்தான். ‘நீயே தட்டு, சகலை’ என்று எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அதற்குள் லாரி வந்துவிட்டது. கொம்பையா எழுந்து போய்த் தடிகளை உருட்டினான். நான் அவசரமாகப் பேசினேன்.

“அம்புட்டுச் சுருளையும் அள்ளுனது யாரு?” என்றாள் ஆவுடைத்தாய்.

“யாரும் அள்ளல. இழைப்புளியைப் பின்பக்கமா இழுத்தேன். போன சுருள் பூராவும் திரும்பி ஓடிவந்து பலகையா ஒட்டிக்கிடுச்சு. அளந்து பார்த்தா, முன்ன இருந்ததவிட நாலு வெரக்கடை நீளம்.”

உலகநாதன் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தான்.

“அந்த இழைப்புளியோட சாயங்காலம் எம்மக வீட்டுக்கு வந்துரு, சகலை. சித்திரையில நீ குட்டையா அறுத்த வாசல் நிலைக்காலையும் அதே மாதிரி நாலு வெரக்கடை நீட்டிக் குடு. மருமகன் இன்னும் குனிஞ்சுதான் உள்ள போறாரு.”

ஆவுடைத்தாய் சாக்கை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். நான் வாயெடுப்பதற்குள் உலகநாதன் லாரிப் பக்கம் போய்த் தட்டுகிற சத்தம் கேட்டது.

அந்த மருமகன் அளவுக்கு மீறி வளர்ந்த ஆள். அதை நான் சித்திரையிலேயே சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. என் தட்டை உலகநாதன் இன்னும் திருப்பித் தரவில்லை.