சாமியும் பின்னாடிதான்

கோகிலவாணி வேலை பார்த்த நூல் மில்லை மூடிவிட்டார்கள். யோசனை சொல்ல ஊரே திரண்டு வந்தது. சோறு போடத்தான் ஒருவரும் வரவில்லை. அண்ணன் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் கணக்கு எழுத இடம் பேசி வைத்திருந்தார். மறுநாள் காலை அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அவள் மலையடிவாரத்து மடத்துக்குப் போனாள். அங்கிருந்த சாமிக்கு ஏறக்குறைய அவள் வயதுதான்.

"பைனான்ஸா, ஓட்டல் சமையலா, ஆஸ்பத்திரியா? எனக்கு எந்தத் துறைங்க சாமி ஒத்து வரும்?"

"பந்தி முடியட்டும்" என்றார் சாமி.

மடத்து வழக்கம் அது. கேள்வியோடு வருகிறவர்கள் அன்றைய அன்னதானத்துக்கு உழைக்க வேண்டும். கடைசி இலை எடுத்த பிறகுதான் பதில்.

சமையல்கட்டில் காய் நறுக்கினாள். துண்டு பெரிதாக இருக்கிறதென்று சமையல்காரர் வைதார். "சரிங்க" என்றாள். பிறகு அரிசி வரவு எழுத உட்கார வைத்தார்கள். கூட்டல் தப்பென்று கணக்கர் கரித்துக் கொட்டினார். தப்பு அவருடையது, அதற்கும் "சரிங்க"தான். வாயில்லாப் பூச்சி ஒன்று வந்து மாட்டியிருக்கிறதென்று இருவருக்கும் கொண்டாட்டம்.

மதியம் அவளைப் பந்தி வாசலில் நிறுத்தினார்கள். வெயிலில் வரிசை நீண்டு கிடந்தது. நிற்க முடியாமல் தவித்த ஒரு பிள்ளைத்தாய்ச்சியை நிழலில் உட்காரவைத்து, அவள் இடத்தில் ஒரு கல்லை வைத்தாள். ரேஷன் கடையில் நின்றவர்களுக்குத் தெரியும், வரிசையில் கல்லும் ஆள்தான்.

அப்போது சாமியே வந்தார். கூடவே அன்றைய அரிசி முழுவதையும் கொடுத்த மண்டி முதலாளி. முதலாளி காலால் கல்லை ஒதுக்கினார்.

"பந்திக்கு முந்துன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

கோகிலவாணி குறுக்கே கையை நீட்டினாள்.

"பின்னாடி போங்க."

"சோறு யாரு அரிசின்னு தெரியுமா?"

"அரிசி உங்களுதுங்க. வரிசை இவங்களுது."

"சாமியும் கூட வர்றாரு. கண்ணு தெரியலையா?"

"சாமியும் பின்னாடிதான். முடியாதுங்க."

சாமியின் பதில் இனி கிடைத்தாற்போலத்தான் என்று நினைத்தாள். கையை மட்டும் இறக்கவில்லை.

முதலாளி காரில் ஏறிப் போய்விட்டார். சாமி குனிந்து கல்லை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். பிறகு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

அன்று கடைசி இலை அவருடையது. கை கழுவிவிட்டு வந்தவரிடம் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"கோவமுங்களா சாமி?"

"காலையில ரெண்டு பேரும் வைதாங்களாமே. எதுத்து ஒரு வார்த்தை பேசலையா?"

"அது அவங்க காய், அவங்க கணக்கு. எனக்கென்னங்க?"

"வரிசை?"

அவள் திரும்பிப் பார்த்தாள். முற்றத்தில் அந்தக் கல் இன்னும் கிடந்தது.

"பெரியாஸ்பத்திரியில நோயாளிங்க வரிசையைப் பாத்துக்க ஆள் கேக்கறாங்க சாமி. சம்பளம் கம்மி. அண்ணன் வானத்துக்கும் பூமிக்குமா குதிப்பாரு. அவருகிட்ட நான் என்னங்க சொல்லட்டும்?"

"வாசல்ல எங்கிட்டச் சொன்ன கடைசி வார்த்தையையே சொல்லு."