பார்வையாளர் அட்டை மூன்று

முருங்கைப்பட்டிக்காரர்களிடம் எதையும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. முதல் முறை சொன்னதே அதிகம் என்பது பக்கத்து ஊர்க்காரர்களின் எண்ணம்.

அந்த ஊர்ச் சன்னாசியின் மகள் தவமணிக்கு நகரத்துப் பெண்கள் கல்லூரியில் தாவரவியல் படிக்க ஆசை. விண்ணப்பம் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். பெற்றோர் நேரில் வந்து கல்லூரியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். அவளுக்கோ அன்று டைப்ரைட்டிங் பரீட்சை.

"நல்லா சுத்திப் பாருங்க. இடம் பிடிச்சிருந்தா கையெழுத்துப் போட்டு அஞ்சு மணிக்குள்ள குடுத்துடுங்க. இல்லேன்னா எனக்கு இந்த வருஷம் போச்சு" என்று மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொல்லி அனுப்பினாள். மூன்று பேர் என்றால் சன்னாசி, அவர் மனைவி பேச்சியம்மாள், பேச்சியம்மாளின் தம்பி ஒச்சப்பன்.

அவர்கள் கல்லூரி மதிலை வெளியே மூன்று முறை சுற்றினார்கள். இருபது ஏக்கர் வளாகம். முடிக்கும்போது மணி பதினொன்று.

"மதில் நல்ல மதில்தான்" என்றார் சன்னாசி.

"கிழக்கால ஒரு எடத்துல காரை பேந்திருக்கு மச்சான்" என்றான் ஒச்சப்பன்.

உள்ளேயும் பார்க்கலாம் என்று காவலாளிதான் சொன்னார். 'பார்வையாளர்' என்று அச்சடித்த மூன்று அட்டைகளைக் கொடுத்தார். "பாக்க வந்தவங்க கழுத்துல இது இருக்கணும். இல்லாம உள்ள போகக் கூடாது."

கூடத்தில் நாற்பது ஐம்பது பெற்றோர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதல்வர் அம்மாள் அன்பாகப் பேசினார். "இன்று நீங்கள் பார்வையாளர்கள் அல்ல. இதை உங்கள் சொந்த வீடாக நினைத்துக்கொள்ளுங்கள்."

மற்றவர்கள் கை தட்டினார்கள். இவர்கள் மூவரும் அட்டையைக் கழற்றினார்கள். சன்னாசி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"மச்சான், நமக்குத்தான் ஏற்கெனவே ஒரு வீடு இருக்கே."

"இருந்துச்சு மாப்ள. காலையில வரைக்கும்."

"படிச்சவங்க நினைக்கச் சொல்றாங்க. நினைச்சாத்தான் என்ன?" என்றாள் பேச்சியம்மாள்.

மூவரும் கண்ணை மூடி நினைத்தார்கள். ஒச்சப்பனுக்குக் கொஞ்சம் நேரமானது.

"முடிஞ்சுதாடா?"

"மாடி வரைக்கும் நினைச்சுட்டேன் அக்கா. தண்ணித் தொட்டி மட்டும் பாக்கி."

சொந்த வீடு என்றான பிறகு கை கட்டிக்கொண்டு நிற்க முடியுமா? பேச்சியம்மாள் மாடி மாடியாக ஏறி விளக்கையும் மின்விசிறியையும் அணைத்து வந்தாள். ஓர் அறையில் பாடம் நடந்துகொண்டிருந்தது.

"அம்மா, ஆள் இருக்கோம்" என்றார் பேராசிரியர்.

"இருங்க, யாரு வேண்டாம்னா? ஜன்னலத் திறந்தா காத்து வருது" என்று திறந்துவிட்டுப் போனாள்.

தாவரவியல் துறையில் செடிகளைக் காயவைத்துக் காகிதத்தில் ஒட்டி அடுக்கியிருந்தார்கள். ஒச்சப்பனுக்கு மனசு கேட்கவில்லை. "எத்தனை நாளா தண்ணி காட்டலையோ" என்று எழுபது செடிகளுக்கும் குடத்தில் கொண்டுவந்து ஊற்றினான்.

சன்னாசி வாசலில் காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து, வந்தவர்களை முறையாக வழியனுப்பிக்கொண்டிருந்தார். "வந்ததுல ரொம்ப சந்தோஷம். பாத்துப் போங்க. அடுத்த தடவ வந்தா ரெண்டு நாள் தங்குற மாதிரி வரணும்." சில பெற்றோர் உண்மையாகவே நெகிழ்ந்துபோனார்கள்.

நாலரை மணிக்கு அலுவலக எழுத்தர் தேடிக்கொண்டு வந்தார். "உங்க பொண்ணோட விண்ணப்பம் மட்டும் இன்னும் வரலையே?"

சன்னாசி அவரை இரக்கத்தோடு பார்த்தார். "சொந்த வீட்டுக்குள்ள வர்றதுக்கு எவனாவது விண்ணப்பம் போடுவானா தம்பி?"

எழுத்தர் யோசித்தார். திரும்பிப் போனார்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, பரீட்சை முடித்து மனசு கேட்காமல் பஸ் ஏறிய தவமணி ஓடிவந்து சேர்ந்தாள்.

"ஏம்மா இவ்வளவு நேரம்? கை கால் கழுவிட்டு உள்ள வா" என்றார் சன்னாசி.

"விண்ணப்பம் குடுத்தாச்சா அப்பா?"

எழுத்தருக்குச் சொன்னதையே அவளுக்கும் சொன்னார்.

தவமணி அழவில்லை. பதினேழு வருடமாக அவர்களோடு இருப்பவள். அவர் பையிலிருந்து விண்ணப்பக் காகிதத்தை எடுத்து விரித்தாள். "புது வீட்டுக்கு வந்தா ரேஷன் கார்டுல பேர் சேக்கணும்ல? அதுக்குத்தான் இது."

"அத முதல்லயே சொல்லக் கூடாதா?" சன்னாசி அழுத்திக் கையெழுத்துப் போட்டார். பேச்சியம்மாளும் போட்டாள். தன் பேரையும் சேர்க்க வேண்டும் என்று ஒச்சப்பன் பிடிவாதம் பிடித்ததில் மூன்று நிமிடம் போனது. ஐந்து அடிக்கும்போது எழுத்தர் முத்திரை குத்திவிட்டார்.

பழைய வீட்டில் மாடு கறக்க வேண்டும் என்று சொல்லித்தான் அவர்களைப் பஸ்ஸில் ஏற்ற முடிந்தது.

ஊர் வந்தது. தவமணி பூட்டைத் திறந்து உள்ளே போய் விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். பின்னால் யாரும் வரவில்லை. எட்டிப் பார்த்தாள். மூவரும் வீட்டை மூன்றாவது சுற்று சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

முடித்து வாசலுக்கு வந்ததும் சன்னாசி பையிலிருந்து மூன்று அட்டைகளையும் எடுத்தார். ஆளுக்கொன்றாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

"உள்ள வரலாமா?" என்றாள் பேச்சியம்மாள்.

"வாங்க" என்றாள் தவமணி.

செருப்பை ஓரமாக விட்டுவிட்டு வந்து பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார்கள். ஒச்சப்பன் சுவரைத் தட்டிப் பார்த்தான். சன்னாசி கூரையை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"இடம் பிடிச்சிருக்கும்மா. விண்ணப்பம் யார்கிட்ட வாங்கணும்?"