கொப்பரையில் இடம் மாறிய ஓட்டை

முன்னொரு காலத்திலே புன்னைநாடு என்றொரு நாடு. அதை ஆண்ட ராஜா மாவளவனுக்குத் தன் கையாலேயே அரிசியிலே கள் ஊறவைக்கிற கிறுக்கு.

அதற்கென்று பெரிய செப்புக் கொப்பரை ஒன்று செய்ய, கன்னான் ஆவுடையானை அரண்மனையிலேயே நிறுத்திக்கொண்டார். அவனுடைய பெண்டாட்டி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். பெண் பிறந்திருக்கிறது என்று சேதியும் வந்துவிட்டது.

"வேலையை முடி, போ" என்றார் ராஜா.

பிள்ளை யார் சாயலோ, அழுதால் யார் தூக்குகிறார்களோ என்று நினைத்தபடியே ஆவுடையான் தட்டினான். அடிப்பாகம் தட்டக் கொப்பரையைக் கவிழ்த்துப் போட்டிருந்தான். கள் வடிய, தரையிலிருந்து நாலு விரல் அளந்து ஓட்டையும் போட்டான். நிமிர்த்தினால், ஓட்டை கொப்பரையின் வாய்க்கருகே நிற்கிறது.

சபையில் வல்லபர் என்று ஒருத்தர். மந்திரி பொறையனாரைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். "மந்திரியார் கூட்டிவந்த ஆளாச்சே, மகாராஜா. புதுசாக ஒன்று செய்யட்டும். அதுவரை ஊருக்கு விடவேண்டாம்" என்றார்.

"அதுக்குள்ளே பிள்ளை தவழ்ந்திடுமே சாமி" என்றான் ஆவுடையான், மெதுவாக.

மந்திரி எழுந்தார். "ஒட்டுப் போடாமல், சாய்க்காமல், அந்த ஓட்டை வழியாகவே அடிவரைக்கும் வடித்துக் காட்டினால் இவனை அனுப்புவீர்களா?"

"அனுப்புகிறேன்" என்றார் ராஜா.

வல்லபர் சிரித்தார். "கள் மேலே ஏறிக் கீழே இறங்குமாக்கும்? அப்படி வந்தால் முதல் வாய் நானே குடிக்கிறேன்."

மந்திரி சொன்னபடி ஆவுடையான் ஒரு செப்புக்குழாயை வளைத்தான். கொப்பரையை ஒரு மேடைமேல் ஏற்றினார்கள். குழாயின் ஒரு நுனி கொப்பரைக்குள்ளே அடியைத் தொட்டது. மறுநுனி ஓட்டை வழியாக வெளியே வந்து, அடியைவிடத் தாழத் தொங்கியது. குடத்துக் கள்ளை ஊற்றினார்கள். சொட்டுக்கூட வரவில்லை.

"எங்கே ஓய் கள்?" என்றார் வல்லபர்.

"முதல் வாய் உங்களுடையது. நீங்கள் உறிஞ்சாமல் அது எப்படி வரும்?" என்றார் மந்திரி.

ராஜாவுக்குச் சிரிப்பு முட்டியது. "சொன்ன சொல்லைக் காப்பாற்றும், வல்லபரே."

பட்டு அங்கவஸ்திரத்தோடு மண்டியிட்டு அவர் உறிஞ்சினார். கள் மூக்கில் ஏறி இருமினார். குழாயோ நிற்கவேயில்லை, கொப்பரை காலியாகிற வரைக்கும் கொட்டியது. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டார்.

"உனக்கு என்னடா வேணும்?" என்றார் ஆவுடையானிடம்.

"வெளிச்சத்திலேயே ஆத்தைத் தாண்டணும் சாமி."

ராஜா தன் குதிரையையே கொடுத்தார். அவன் ஏறுகிறவரை கடிவாளத்தைப் பிடித்து நின்றவர் வல்லபர்.

போய்ச் சேர்ந்தபோது பிள்ளை அந்தப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தது.

"இப்பத்தான் கண்ணசந்தா, எழுப்பாதீங்க" என்றாள் பெண்டாட்டி.

சரியென்று தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அரண்மனையில் காத்திருந்ததெல்லாம் அவனுக்குக் கொஞ்சமாகத் தெரிந்தது. முகம் திரும்புகிற அந்த நேரம்தான் வரவே மாட்டேனென்றது.